இபிபியோ மக்களின் முகமூடிகளும் ஊர் ஒழுங்கும்



'உலக மக்களின் பண்பாடு' என்பது போன்ற தலைப்பு கட்டுரையில் வந்தால், ஆப்பிரிக்காவைப் பற்றி நம் மாணவர்கள் பலர் எழுதுவது இரண்டு மூன்று வரிதான். காடு, சிங்கம், தாளம், பேய் முகமூடி போட்ட ஆட்டம். அதற்குமேல் எழுதச் சொன்னால் பேனா நின்றுவிடும். எழுத ஆசை இருக்கு. எழுதுவதற்குச் செய்திதான் கையில் இல்லை. அந்தச் செய்தியைக் கொஞ்சமாவது தரத்தான் இந்தக் கட்டுரை. ஆப்பிரிக்கா முழுவதையும் இங்கே பேசப் போவதில்லை. நைஜீரியாவின் தென்கிழக்கில் வாழும் இபிபியோ மக்களை மட்டும் எடுத்துக்கொள்வோம். அவர்களுடைய மரமுகமூடி ஊரில் என்ன வேலை செய்தது என்று பார்ப்போம்.

மையக் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இபிபியோ ஊர்களில் மன்னர் இல்லை, காவல் நிலையமும் இல்லை. அங்கே தீர்ப்பை நிறைவேற்றும் கையாக இருந்தது முகமூடி. அதைப் போட்டவர் அந்த நேரத்துக்குத் தனிமனிதர் இல்லை. இறந்துபோன முன்னோரின் பெயரால் வருகிறவர். இதைப் பிடித்துக்கொண்டால் மற்றவை எல்லாம் தானாகப் புரியும்.

யார் இந்த இபிபியோ மக்கள்?

நைஜீரியாவின் 36 மாநிலங்களில் ஒன்று அக்வா இபோம். 1987 செப்டம்பர் 23ஆம் நாள் உருவான மாநிலம். தலைநகர் உயோ. 2006ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அங்கே ஏறத்தாழ 39 இலட்சம் பேர் வாழ்ந்தார்கள். அவர்களில் பெரும்பகுதியினர் இபிபியோ மக்கள். அதே மாநிலத்தில் அன்னாங் மக்களும் ஓரோன் மக்களும் இருக்கிறார்கள். பக்கத்துக் கிராஸ் ரிவர் மாநிலத்தின் கலபார் நகரில் எஃபிக் மக்கள் வாழ்கிறார்கள். இவர்களுடைய மொழிகள் ஒன்றுக்கொன்று நெருங்கிய உறவுடையவை. வழக்கங்களிலும் நிறைய ஒற்றுமை உண்டு. அதனால்தான் அருங்காட்சியகங்களில் சில முகமூடிகளுக்குக் கீழே 'இபிபியோ அல்லது அன்னாங்' என்றே எழுதியிருப்பார்கள்.

மலேசிய வாசகர்களுக்கு ஒரு செய்தி. நம் தோட்டப்புறங்களில் வரிசை வரிசையாக நிற்கும் செம்பனை மரத்தின் பூர்வீகம் மேற்கு ஆப்பிரிக்கா. சிலாங்கூரின் தென்னமரம் தோட்டத்தில் 1917இல்தான் அது இங்கே வணிகப் பயிராக நடப்பட்டது. இபிபியோ மக்களோ பல நூற்றாண்டுகளாகச் செம்பனையோடு வாழ்ந்தவர்கள். சமையலுக்கு எண்ணெய், விற்பனைக்குக் கொட்டை, சடங்குக்குக் குருத்தோலை என்று எல்லாவற்றுக்கும் அந்த மரம். இந்தக் குருத்தோலையை மறந்துவிடாதீர்கள், பின்னால் மறுபடியும் வரும்.

பழைய இபிபியோ சமூகத்தில் நாடு முழுவதையும் ஆளும் அரசர் கிடையாது. 'எக்புக்' எனப்படும் தந்தைவழிக் குடும்பங்கள் பல சேர்ந்தது ஓர் ஊர். ஊருக்கு ஒரு தலைவர், 'ஓபோங்' என்பது அவர் பட்டம். ஆனால் அவர் நினைத்ததை எல்லாம் செய்ய முடியாது. குடும்பப் பெரியவர்கள் கூடிய அவையில் வைத்துத்தான் முடிவு எடுக்க வேண்டும்.

அந்த அவைகளில் பேச்சுக்கு இருந்த மதிப்பு தமிழாசிரியர்களுக்குப் பிடிக்கும். ஜான் மெசஞ்சர் என்ற அமெரிக்க மானிடவியலாளர் 1951-52இல் அன்னாங் மக்களிடையே தங்கி ஆய்வு செய்தார். ஊர் வழக்குகளில் பழமொழிகள் எப்படிப் பயன்படுகின்றன என்பதைப் பற்றியே 1959இல் தனிக் கட்டுரை ஒன்று வெளியிட்டார். வாதி, பிரதிவாதி, தீர்ப்புச் சொல்பவர் எல்லாரும் பழமொழியைக் கையாண்டார்கள். இடம் பார்த்துச் சொன்ன ஒரு பழமொழி வழக்கின் போக்கையே மாற்றிவிடுமாம்.

சரி, பெரியவர்கள் கூடித் தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். அதை நிறைவேற்றுவது யார்? சிறிய ஊர். எல்லாரும் ஒருவருக்கொருவர் சொந்தம். பக்கத்து வீட்டுக்காரரிடம் போய் "நீ திருடிவிட்டாய், அபராதம் கட்டு" என்று எந்த முகத்தோடு சொல்வது? சொன்னால் பகை தலைமுறைக்கும் நிற்கும். இந்த இடத்தில்தான் முகமூடி வருகிறது.

எக்போ: சொல்லும் பொருளும்

'எக்போ' என்ற சொல்லுக்கு இறந்தவரின் ஆவி என்று பொருள். அந்த ஆவிகளின் பெயரால் இயங்கிய ஆண்களின் சங்கத்துக்கும் எக்போ என்றே பெயர். 'எக்போ ஞோஹோ' என்று முழுப்பெயர் சொல்வதும் உண்டு. உச்சரிப்பில் ஒரு குறிப்பு: இபிபியோ மொழியில் இந்தச் சொல்லின் 'க்', 'ப்' இரண்டும் ஒரே நேரத்தில் ஒலிக்கும். தமிழ் எழுத்தில் அதை அப்படியே காட்ட வழியில்லை. ஆகவே 'எக்போ' என்றே எழுதுவோம்.

இந்தச் சொல்லைத் தமிழில் எப்படிச் சொல்வது? அகராதி பார்த்து 'பேய்' என்று எழுதினால் பொருள் கெட்டுப்போகும். பேய் என்றால் நமக்குத் துரத்த வேண்டிய ஒன்று. எக்போவோ குடும்பத்தில் ஒருவராக வாழ்ந்து மறைந்தவர். ஆண்டுக்கு ஒருமுறை வந்து போகிறவர். 'தென்புலத்தார்' என்ற அழகான சொல் இருக்கே என்று சிலர் கேட்கலாம். அது நம் மரபில் ஊறிய சொல். அதை இங்கே போட்டால் இபிபியோ மக்களின் நம்பிக்கை மறைந்து நம்முடைய நம்பிக்கைதான் தெரியும். 'மூதாதையர் ஆவி' என்று எழுதுங்கள், போதும்.

எக்போ சங்கத்தில் ஆண்கள் மட்டுமே சேரலாம். கட்டணம் கட்ட வேண்டும். சங்கத்துக்குள் படிநிலைகள் உண்டு. மேல்நிலைக்குப் போகப் போகச் செலவும் கூடும், செல்வாக்கும் கூடும். யாம் எனப்படும் பெருவள்ளிக் கிழங்கின் அறுவடையை ஒட்டிய காலத்தில் எக்போ முகமூடிகள் வெளியே வரும். விளைச்சல் தந்த முன்னோருக்கு நன்றி சொல்லும் காலம் அது. சங்கத்தைச் சேர்ந்த முக்கியமானவர் இறந்தாலும் அவருடைய இறுதிச் சடங்கில் முகமூடிகள் தோன்றும்.

இரண்டு முகங்கள்

எக்போ முகமூடிகள் பெரும்பாலும் இரண்டு வகைக்குள் அடங்கும். முதலாவது 'இடியோக் எக்போ'. இடியோக் என்றால் கெட்டது, தீயது. இரண்டாவது வகையின் பெயரை ஒலிப்படி 'ம்ஃபோன் எக்போ' என்றுதான் எழுத வேண்டும். மெய்யெழுத்து தமிழில் சொல்லுக்கு முதலில் வராது என்பதால் இங்கே 'இம்ஃபோன்' என்று எழுதுகிறேன். இம்ஃபோன் என்ற சொல்லை ஆய்வாளர்கள் சிலர் 'நல்ல' என்றும், சிலர் 'அழகிய' என்றும் மொழிபெயர்த்திருக்கிறார்கள். இரண்டும் சரிதான். நல்லதும் அழகும் அங்கே ஒரே சொல்லில் நிற்கின்றன.

இதன் பின்னால் ஒரு நம்பிக்கை இருக்கு. நல்லபடியாக வாழ்ந்து இறந்தவரின் ஆவி மூதாதையரோடு சேரும், பிறகு தன் குடும்பத்திலேயே மறுபடி பிறக்கும். தீமை செய்து வாழ்ந்தவரின் ஆவிக்கு அங்கே இடமில்லை. அது எங்கும் சேராமல் அலையும். முதலாவது இம்ஃபோன், இரண்டாவது இடியோக்.

இனி முகமூடிகளைப் பாருங்கள். இடியோக் முகமூடி கறுப்பு. கண், மூக்கு, வாய் எல்லாம் அளவு மீறியிருக்கும். வாய் கோணியிருக்கும், பல் தெரியும். சிலவற்றில் கீழ்த்தாடை தனித்துண்டாகச் செய்து இணைக்கப்பட்டிருக்கும், அசைத்தால் வாய் திறந்து மூடும். விளிம்பைச் சுற்றித் துளைகள் உண்டு. அவற்றில் ராஃபியா என்ற பனையின் நாரைக் கோத்து, ஆடுபவரின் தலையும் தோளும் மறையும்படி தொங்கவிடுவார்கள். உடம்பில் கரி பூசியிருப்பார்கள். கையில் பாராங் கத்தியோ வில் அம்போ இருக்கும். இடியோக் நிதானமாக நடக்காது. ஓடும், திடீரென்று திரும்பும், அம்பு விடும். பார்ப்பவர் பயப்பட வேண்டும் என்பதுதான் நோக்கம்.

இம்ஃபோன் முகமூடி இதற்கு நேரெதிர். வெள்ளை, மஞ்சள் போன்ற வெளிர் நிறங்கள். அளவான மூக்கு, அமைதியான கண், சிறிய வாய். உடையில் வண்ணத் துணிகள். ஆட்டமும் மெதுவாக, நளினமாக இருக்கும்.

இரண்டையும் ஒரே ஊரில் பார்த்து வளரும் பையனுக்கு யாரும் தனியாக நீதிபோதனை நடத்த வேண்டியதில்லை. எப்படி வாழ்கிறாயோ அதுதான் செத்த பிறகு உன் முகம். ஊர் அவனுக்குச் சொல்லும் பாடம் அதுதான்.

மூக்கில்லாத முகம்

இடியோக் முகமூடிகள் சிலவற்றில் மூக்கு இருக்கும் இடத்தில் வெறும் குழிதான் இருக்கும். செதுக்கியவர் கற்பனையில் செய்தது என்று பலர் நினைக்கிறார்கள். இது ஓர் உண்மையான நோயின் உருவம். 'யாஸ்' என்ற தோல் தொற்றுநோய் வெப்பமண்டல நாடுகளில் முன்பு மிகப் பரவலாக இருந்தது. சிகிச்சை இல்லாமல் முற்றினால் சிலருக்கு மூக்கின் எலும்பையும் சதையையும் அரித்துவிடும். அந்த நிலைக்கு 'கங்கோசா' என்று பெயர். முகவாதத்தால் கோணிய வாய், தொழுநோய் தின்ற முகம் ஆகியவையும் முகமூடிகளில் உண்டு.

பென்சிலின் ஊசி வந்த பிறகு உலகச் சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 1952 முதல் 1964 வரை 46 நாடுகளில் யாஸ் ஒழிப்பு இயக்கம் நடத்தின. ஏறத்தாழ 5 கோடிப் பேருக்குச் சிகிச்சை கிடைத்தது. நோய் பெருமளவு குறைந்தது. ஆக, அந்த முகமூடிகள் மருத்துவ வரலாற்றுக்கும் சாட்சி.

ஆனால் ஒரு கேள்வியை இங்கே தாண்டிப்போகக் கூடாது. நோய் வந்து மூக்கை இழந்தவர் என்ன தப்பு செய்தார்? தீயவனின் முகம் என்று காட்ட ஏன் நோயாளியின் முகம்? கடும் நோய் என்பது தீமையின் அடையாளம் என்ற எண்ணம் உலகத்தில் பல சமூகங்களில் இருந்தது, இபிபியோ சமூகமும் அதற்கு விலக்கில்லை. இந்த முகத்தைப் பார்த்து ஊர் பயந்தபோது, உண்மையிலேயே அந்த நோயோடு வாழ்ந்தவர் எங்கே நின்று பார்த்திருப்பார் என்று மாணவர்களைக் கேளுங்கள். உயர்நிலைச் சிந்தனை வினா என்று நாம் தேடுவது இதுதான்.

முகமூடி செய்த வேலை

எக்போ சங்கம் ஊர்ப் பெரியவர்களின் கையாக இயங்கியது. திருட்டுக்குத் தண்டனை, கொடுக்காத கடனை வசூலிப்பது, அபராதம் வாங்குவது, ஊர்க்கட்டுப்பாட்டை மீறியவரை வழிக்குக் கொண்டுவருவது எல்லாம் அதன் பொறுப்பு. மிகக் கொடிய குற்றங்களுக்கு அந்தக் காலத்தில் மரண தண்டனையும் இருந்தது.

நிலத் தகராறு என்று வைத்துக்கொள்வோம். இரண்டு குடும்பம் ஒரே நிலத்துக்குச் சண்டை. வழக்கு முடியும்வரை யாரும் உள்ளே போகக்கூடாது என்றால் என்ன செய்வார்கள்? இளம் செம்பனைக் குருத்தோலையைக் கொண்டுபோய் அந்த நிலத்தில் கட்டிவிடுவார்கள். அவ்வளவுதான். எழுத்து வேண்டாம், காவலாளி வேண்டாம். குருத்தோலை கட்டிய இடத்தில் கால் வைப்பது முன்னோரையே மீறுவது ஆகும். முன்பு சொன்ன செம்பனைக் குருத்து இதுதான்.

தண்டனை கொடுக்க வருபவர் முகமூடியோடு வருவார். குரலையும் மாற்றிக்கொள்வார். அவர் யார் என்று சிலருக்கு உள்ளுக்குள் தெரிந்திருக்கலாம். ஆனாலும் பெயர் சொல்லி அழைக்கக் கூடாது. ஏன் என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்க. பெயர் சொன்ன நொடியிலேயே அது இரண்டு மனிதருக்கு இடையிலான சண்டையாக மாறிவிடும். பெயர் இல்லாதவரை, வந்தது முன்னோர், தீர்ப்பும் முன்னோருடையது. முகமூடியைக் கழற்றி வைத்த மறுநாள் அந்த இரண்டு பேரும் ஒரே சந்தையில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து கிழங்கு விற்க முடியும். சிறிய ஊர் உடையாமல் இருக்க இது பெரிய உதவி.

இதே பகுதியில் சிரிக்க வைத்துத் திருத்தும் வழியும் இருந்தது. 'எகோங்' எனப்படும் நாடகக் குழுவினர் மரப்பொம்மைகளையும் முகமூடிகளையும் வைத்துப் பாட்டோடு நாடகம் போடுவார்கள். ஊரில் யார் என்ன தவறு செய்தார் என்பதைக் கேலியாக எல்லார் முன்னாலும் போட்டு உடைப்பார்கள். எக்போ பயத்தால் செய்ததை எகோங் சிரிப்பால் செய்தது.

செதுக்கியவர்கள்

முகமூடிக்குப் பேர்போன ஊர் இக்கோட் எக்பேனே. அன்னாங் பகுதியில் உள்ள இந்த நகரை 'ராஃபியா நகரம்' என்றே அழைக்கிறார்கள். மரச்செதுக்கும் ராஃபியா நார்ப் பின்னலும் அங்கே குடும்பத் தொழிலாக வளர்ந்தன.

ஜி. ஐ. ஜோன்ஸ் என்ற பிரிட்டிஷ் மாவட்ட அதிகாரி 1930களில் அந்தப் பகுதியின் முகமூடிகளையும் ஆட்டங்களையும் நிறையப் படம் பிடித்தார். அந்தப் படங்கள் இல்லாவிட்டால் முகமூடி உடையோடும் ஓட்டத்தோடும் எப்படி இருந்தது என்று இன்று தெரிந்துகொள்வது கடினம். லண்டனின் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்திலும் நியூயார்க்கின் புரூக்லின் அருங்காட்சியகத்திலும் இன்று இந்த முகமூடிகளைப் பார்க்கலாம். ஆனால் கண்ணாடிப் பெட்டிக்குள் இருப்பது மரத்துண்டு மட்டும்தான். நார் இல்லை, கரி பூசிய உடம்பு இல்லை, பறை ஒலி இல்லை, பயந்து ஓடும் கூட்டமும் இல்லை. பெரும்பாலானவற்றில் செதுக்கியவரின் பெயரும் இல்லை. பலருடைய பெயரை, வாங்கியவர்கள் கேட்டுக் குறித்துக்கொள்ளவே இல்லை.

எக்போ வேறு, எக்பே வேறு

தேடும்போது மாணவர்கள் குழம்பும் இடம் இது. எக்போ என்பது மூதாதையர் ஆவி. 'எக்பே' என்பது சிறுத்தை. அதன் பெயரில் வேறொரு சங்கம் இருந்தது. கலபார் எஃபிக் மக்களிடமும் அண்டை மக்களிடமும் அது செல்வாக்குப் பெற்றிருந்தது. எக்பே ஆட்டக்காரர் பொதுவாக மரமுகமூடி போடுவதில்லை. உடம்பை முழுவதும் மூடும் பின்னல் உடை அணிவார். 'இன்சிபிடி' என்ற குறியீட்டு எழுத்தோடும் எக்பே சங்கத்துக்கு நெருங்கிய தொடர்பு உண்டு.

அடிமை வணிகத்தில் கலபார் வழியாகக் கடத்தப்பட்டவர்கள் இந்தச் சங்க மரபை அட்லாண்டிக் பெருங்கடலைத் தாண்டியும் கொண்டுபோனார்கள். கியூபாவில் ஹவானா நகரின் ரெக்லா பகுதியில் 1836இல் தொடங்கிய 'அபாகுவா' சங்கம் எக்பே மரபிலிருந்து வந்தது. அங்கே இன்றும் உடல் மூடிய ஆட்டக்காரர்கள் ஆடுகிறார்கள். எல்லாவற்றையும் பறிகொடுத்தவர்கள் சங்கத்தை மட்டும் விடவில்லை.

பயத்தின் மறுபக்கம்

இதுவரை படித்துவிட்டு, 'ஆகா, எவ்வளவு நல்ல ஏற்பாடு' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அதுவும் பாதி உண்மைதான்.

முகமூடி வெளியே வந்தால் பெண்களும் சங்கத்தில் சேராத ஆண்களும் வழியில் நிற்கக் கூடாது. நின்றால் அடி விழும், அம்பும் பாயும். ஊரின் சட்டத்தை நிறைவேற்றும் அமைப்பில் ஊரின் பாதிப்பேருக்கு இடமே இல்லை. முகம் தெரியாது என்பதால் சொந்தப் பகையைத் தீர்த்துக்கொள்ளவும் வழி இருந்தது. யார் அடித்தது என்று யாரிடம் போய்க் கேட்பது? பகையைத் தடுக்க உதவிய அதே மறைப்பு, அநியாயத்தையும் மறைக்கும்.

அதற்காகப் பெண்கள் எல்லாரும் பேசாமல் ஒடுங்கி இருந்தார்கள் என்று எழுதுவதும் தவறு. 'எப்ரே' என்று பெண்களுக்கே உரிய சங்கம் இருந்தது. பெண்கள் பயிரிடும் ஒருவகை யாம் கிழங்கின் பெயர் அது. உறுப்பினர்களின் நேர்மையைக் காப்பது, திருடியவரைத் தண்டிப்பது எல்லாம் அந்தச் சங்கம் செய்தது. 1929 டிசம்பரில், பெண்களுக்கும் வரி போடப் போகிறார்கள் என்ற அச்சத்தில் இக்போ, இபிபியோ பகுதிப் பெண்கள் ஆயிரக்கணக்கில் திரண்டு பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்தார்கள். துப்பாக்கிச் சூட்டில் 50க்கும் மேற்பட்ட பெண்கள் இறந்தார்கள். 'பெண்கள் போர்' என்று வரலாறு அதைக் குறிக்கிறது. பனங்குருத்தைக் கையில் பிடித்தபடி அந்தப் பெண்கள் நின்றார்கள்.

ஆட்சி மாறியது, முகமூடியும் மாறியது

1846இல் ஸ்காட்லாந்துப் பிரஸ்பிட்டீரியன் சபையினர் கலபாருக்கு வந்தார்கள். 1887இல் சாமுவேல் பில் என்ற அயர்லாந்துக்காரர் இபேனோவுக்கு வந்து குவா இபோ சபையைத் தொடங்கினார். கிறிஸ்துவத்துக்கு மாறியவர்கள் எக்போவில் இருக்கக் கூடாது என்பது சபைகளின் நிலைப்பாடு. இன்னொரு பக்கம் பிரிட்டிஷ் அரசு தன் நீதிமன்றங்களையும் தானே நியமித்த தலைவர்களையும் கொண்டுவந்தது. தீர்ப்பும் தண்டனையும் அரசின் வேலையாகிவிட்டன. முகமூடியிடமிருந்து அதன் முக்கியமான வேலை பறிபோனது. ஆட்டமும் சடங்கும் மட்டும் மிஞ்சின. பிறகு 1967 முதல் 1970 வரை நடந்த நைஜீரிய உள்நாட்டுப் போரில் இந்தப் பகுதியும் சிக்கியது. கலைப்பொருள்கள் பல அழிந்தன, பல வெளிநாட்டுச் சந்தைக்குப் போயின.

இன்று அக்வா இபோம் மக்களில் மிகப் பெரும்பாலோர் கிறிஸ்துவர்கள். ஆனாலும் எக்போ மறையவில்லை. விழாக்காலங்களில் தெருவில் இறங்குகிறது. வழியில் போகிறவர்களிடம் பணம் பறிப்பது, அடிப்பது போன்ற புகார்கள் வரும்போது அதிகாரிகள் கட்டுப்பாடு விதிப்பதும் உண்டு. பண்பாட்டு அடையாளம், விடக்கூடாது என்பார் ஒருவர். என் மகள் பயமில்லாமல் தெருவில் நடக்க வேண்டும் என்பார் இன்னொருவர். இருவரும் இபிபியோ மக்கள்தான். ஒரு மக்களின் பண்பாடு என்று நாம் எழுதும்போது, அந்த மக்களுக்குள்ளேயே நடக்கும் இந்த வாதத்தையும் சேர்த்து எழுத வேண்டும்.

வகுப்பிலும் தேர்விலும்

மொழி ஆசிரியர்களாகிய நமக்கு முக்கியமான பகுதி இது. 1915இல் இபிபியோ பெண்களைப் பற்றி டி. அமௌரி டால்பட் எழுதிய ஆங்கில நூலின் தலைப்பிலேயே அந்த மக்களை 'நாகரிகத்தில் பின்தங்கியவர்கள்' என்று பொருள்படும் சொல் இருக்கிறது. நூறாண்டு கழிந்துவிட்டது. நம் மாணவர் கட்டுரையிலும் அதே தொனி வரலாமா? இரண்டு வாக்கியங்களை ஒப்பிட்டுப் பாருங்கள்.

மாணவர் வழக்கமாக எழுதுவது: "ஆப்பிரிக்கக் காட்டுவாசிகள் பேய் முகமூடி அணிந்து பயங்கரமாக ஆடுவார்கள்."

திருத்தியது: "நைஜீரியாவில் வாழும் இபிபியோ மக்கள், மூதாதையர் ஆவிகளைக் குறிக்கும் முகமூடிகளை அணிந்து ஆடினர், ஊர்த் தீர்ப்பை நிறைவேற்றவும் அவை பயன்பட்டன."

என்ன மாறியது? 'ஆப்பிரிக்கர்' என்ற பொதுப்பெயர் போய் மக்களின் பெயரும் நாட்டின் பெயரும் வந்தன. 'பேய்' போய் 'மூதாதையர் ஆவி' வந்தது. 'பயங்கரமாக' என்ற நம் உணர்ச்சி போய், அதன் பயன் வந்தது. புள்ளிக்காக மட்டும் சொல்லவில்லை. ஒருவரைப் பற்றி எழுதுகிறோம் என்றால் அவரே படித்தாலும் ஒத்துக்கொள்ளும்படி எழுதுவது நம் கடமை.

கட்டுரையில் பயன்படும் சொற்கள்:

மூதாதையர் ஆவி – இறந்த முன்னோரின் ஆவி.
தந்தைவழிக் குடும்பம் – தகப்பன் வழியாக உறவு எண்ணும் குடும்பம்.
ஊரவை – பெரியவர்கள் கூடி முடிவெடுக்கும் அவை.
ஊர்க்கட்டுப்பாடு – ஊரார் எல்லாரும் ஏற்ற விதி.
படிநிலை – ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்த தகுதி வரிசை.
மானிடவியலாளர் – மக்களின் வாழ்க்கைமுறையை ஆராய்பவர்.

மாதிரி வினாக்கள்:

1. இடியோக் எக்போ, இம்ஃபோன் எக்போ ஆகிய முகமூடிகளுக்கு இடையிலான வேறுபாடுகள் மூன்றனைக் குறிப்பிடுக.

2. முகமூடி அணிந்தவரைப் பெயர் சொல்லி அழைக்கக் கூடாது என்ற விதி ஊருக்கு எவ்வாறு உதவியது?

3. 'முகம் தெரியாத அதிகாரம் ஆபத்தானது.' இக்கூற்றை எக்போ சங்கத்தின் நன்மை தீமைகளைக் கொண்டு விவாதித்திடுக.

4. சிலாங்கூர் கேரித் தீவில் வாழும் மா மெரி மக்களும் மூதாதையரைக் குறிக்கும் மரமுகமூடிகளை அணிந்து ஆடுகின்றனர். இவ்விரு மரபுகளின் ஒற்றுமை வேற்றுமைகளைத் திரட்டி ஒரு பத்தியில் எழுதுக.

மூன்றாம் வினாவுக்கு விடை எழுதும் மாணவர்களுக்கு ஒரு சொல். ஒரு பக்கம் மட்டும் எழுதினால் விடை நிற்காது. முகம் தெரியாததால் பகை வளரவில்லை என்பது ஒரு வாதம். முகம் தெரியாததால் பொறுப்பும் இல்லாமல் போனது என்பது அடுத்த வாதம். இரண்டையும் எழுதிவிட்டு, உங்கள் முடிவை ஒரே வாக்கியத்தில் சொல்லுங்கள். சமூக ஊடகத்தில் பெயரை மறைத்துக்கொண்டு பிறரைத் திட்டுபவர்களை எடுத்துக்காட்டாகக் காட்டலாம். ஆனால் அவர்களை எந்த ஊரவையும் அனுப்பவில்லை என்ற வேறுபாட்டையும் சொல்ல மறக்காதீர்கள்.

நான்காம் வினாவைக் குழுவேலையாகக் கொடுத்தால் நன்றாக இருக்கும். கேரித் தீவுக்கு நேரில் போய்வர முடிந்த பள்ளிகள் போய் வாருங்கள். அங்கே செதுக்கும் கைவினைஞரின் பெயரைக் கேட்டு, மாணவர்களின் குறிப்பேட்டில் எழுதச் சொல்லுங்கள். இபிபியோ முகமூடிகளை எடுத்துப்போன பலர் செய்யாமல் விட்ட வேலை அது.